பழைய கப்பல் மேல பழி போடாதீங்க

1915 ஜனவரி 1, நடுராத்திரி தாண்டி ரெண்டு மணிக்கு மேல. ஆங்கிலக் கால்வாய்ல பிரிட்டனின் 5வது போர்க்கப்பல் படைப்பிரிவு போயிட்டிருக்கு. எல்லாம் ரிசர்வ்ல வெச்சிருந்து, போர் வந்ததும் ஆள் ஏத்தி அனுப்பின பழைய கப்பல்கள். வேகம் 10 நாட். காவலுக்கு டிஸ்ட்ராயர் இல்லை. வரிசையில கடைசியா வந்த 'ஃபார்மிடபிள்' கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி யு-24 டார்பிடோவால அடிச்சது. 547 பேர் செத்தாங்க.

"டப்பா கப்பல், அதான் மூழ்கிடுச்சு"ன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். மூணு மாசம் முன்னாடிதான் அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸின்னு ரிசர்வ்ல இருந்து வந்த மூணு குரூசர்கள் ஒரே காலையில மூழ்கி, 1,459 பேர் போனாங்க. அங்கயும் அதே மெதுவான வேகம், அதே நேர்க்கோடு, டிஸ்ட்ராயரும் இல்லை. இது தெரிஞ்சும் அட்மிரல் பேய்லி வளைஞ்சு நெளிஞ்சு போகச் சொல்லலை. பழைய மெஷின்னா சேஃப்டியும் கம்மியா போதும்ங்கிற நெனப்பு நம்ம லேப்லயும் இருக்கு! பேய்லியை அந்த மாசமே பதவியிலிருந்து தூக்கினாங்க.