செக்ரோலைப் பார்த்தா நிவாரணம் கொடுப்பது?

தோட்டத்து ஆட்களுக்கு நிவாரணம் கொடுத்துப் பழக்கினால் மலைக்கு வேலைக்கு வரமாட்டார்கள், வேலைநாள் காட்டுகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பதே சரி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2022இல் நாடு வங்குரோத்தாகி, 2023 ஜூலையில் அஸ்வெசும நிவாரணத் திட்டம் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சுக்கு ஒரு மரியாதையும் வந்துவிட்டது. மலையகத்தை அறியாத பேச்சு இது.

சோம்பலால் வந்த வறுமையல்ல இங்கே இருப்பது. நெருக்கடிக்கு முன்பே, 2019ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பில், தோட்டத்துறையில் 33.8 சதவீதத்தினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நாடு முழுவதற்கும் அது 14.3 சதவீதம். விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய், அட்டைக் கடியோடு கொழுந்து சுமந்த குடும்பங்களின் கணக்கு அது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோதும் அதே ஆயிரம்தான்.

சரி, வேலைநாளைத் தீர்மானிப்பது யார்? 2021இல் இரசாயன உரத்தை அரசு தடைசெய்தது. உரமில்லாத செடியில் கொழுந்து எங்கிருந்து வரும்? 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியாக இறங்கியது. அந்த நாட்களில் மாலையில் கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்ற பெண்ணை நினைத்துப் பாருங்கள். சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய நோம் 18 கிலோ. தராசு காட்டுவது 13. விழுவது அரைப் பேர். பகல் முழுக்க மலையில் நின்றவளுக்கு, வேலைநாள் பதியும் செக்ரோல் ஏட்டில் பாதி நாள்தான். அந்த ஏட்டை வைத்து நிவாரணம் தருவதென்றால், உரத்தடைக்கும் மழைக்கும் அவள் இரண்டாம் முறை தண்டம் கட்ட வேண்டும்.

இந்த நிபந்தனையை நாம் ஏற்கெனவே அனுபவித்தும் இருக்கிறோம். 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் 620 ரூபாய் என்று சொல்லப்பட்ட சம்பளத்தில் 140 ரூபாய் வரவுக் கொடுப்பனவு. தோட்டம் கொடுத்த வேலைநாட்களில் 75 சதவீதம் வராதவருக்கு அது இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சலென்று வீட்டில் நின்ற தாய்மார்தான் அதை இழந்தார்கள். அதனால் தோட்டத்தில் ஆள் கூடியதா? இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போவது நிற்கவில்லை. அப்போது அஸ்வெசும என்ற பெயரே பிறந்திருக்கவில்லை.

தொகையையும் பார்த்துவிடுவோம். 2023இல் வறிய குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபாய், அதாவது எட்டரை நாள் சம்பளம். மிக வறிய குடும்பத்துக்கு 15,000. இதை நம்பி ஒரு குடும்பம் மாதம் முழுக்க லயத்தில் உட்கார்ந்திருக்கும் என்பவர் கடையில் அரிசி, மா விலை கேட்டிருக்கமாட்டார்.

கைதூக்கிவிட ஆளில்லாத காலத்தையும் மலையகம் கண்டது. 1930களின் பெருமந்தத்தில் குறைந்தபட்சக் கூலியையே வெட்டினார்கள்; பலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1973, 74இல் அரிசியும் மாவும் சுருங்கியபோது, கிராமத்தவருக்கு மரவள்ளி நடவாவது ஒரு துண்டு நிலம் இருந்தது. லயத்துக்காரருக்கு அதுவும் இல்லை. பட்டினியால் தோட்டங்களில் ஆட்கள் செத்தார்கள். வேலைக்கு வராததால் செத்தவர்கள் அல்ல அவர்கள்.

கொழுந்து பறிக்க ஆள் போதவில்லை என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் வருகைக்கென்று நாளுக்கு 200 ரூபாய் அரசு தர முன்வந்தது அதற்காகத்தான். சம்பளத்தின் மேல் வரும் ஊக்கத்தொகையில் எனக்கு ஆட்சேபமில்லை. நிவாரணத்தை அதே கணக்கில் சேர்ப்பதைத்தான் எதிர்க்கிறேன். ஓய்வுபெற்ற பாட்டிக்கும், கவ்வாத்துக் கத்தி பட்டுக் கால் ஊனமானவருக்கும், நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகிறவருக்கும் செக்ரோலில் பேரே இல்லை. முதலில் வெட்டுப்படுவது இவர்கள்தான்.

பிரதேச செயலகம் வீட்டைப் பார்க்கட்டும், அடுப்பைப் பார்க்கட்டும், எத்தனை வாய் என்று எண்ணட்டும். தோட்ட ஆபீஸில் போய் வேலைநாள் கேட்க வேண்டாம்.