10 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை சூடாகும் தூசி!

டெலஸ்கோப்பில் பார்த்தால், வானத்தில் யாரோ ஓட்டை போட்டதுபோல இருக்கும். சுற்றிலும் நட்சத்திரங்கள், நடுவில் மட்டும் கும்மிருட்டு. பார்னார்டு 68 என்ற இந்த இருட்டு, உண்மையில் வாயுவும் தூசியும் கலந்த ஒரு மேகம். அமெரிக்க வானியலாளர் எட்வர்டு பார்னார்டு 1919-ல் வெளியிட்ட இருண்ட மேகங்களின் பட்டியலில் இடம்பிடித்தது.

நட்சத்திர வெளிச்சம் உள்ளே நுழையாததால், இதுபோன்ற மேகங்களில் குளிர் மைனஸ் 263 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். ஹைட்ரஜன், ஹீலியம் தவிர தூசியில் மோதும் வாயுக்கள் பெரும்பாலும் அப்படியே பனியாக ஒட்டிக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடும் தப்பாது. கணக்குப்படி சில லட்சம் ஆண்டுகளில் அது மிச்சமே இருக்கக் கூடாது. ஆனால், இருக்கிறது. எப்படி?

ஒரு முக்கியக் காரணம், காஸ்மிக் கதிர்கள். பெயர்தான் கதிர். உண்மையில் இவை ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் துகள்கள். 1912-ல் பலூனில் ஏறிப்போய் இவற்றைக் கண்டுபிடித்த விக்டர் ஹெஸ், 1936-ல் நோபல் பரிசு பெற்றார். (நம்ம ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இன்றும் இவற்றைத்தான் ஆராய்கிறது.)

இவற்றில் பெரும்பான்மை புரோட்டான்கள். அவை தூசியைத் துளைத்துப்போனாலும் பெரிதாக எதுவும் நடக்காது. அபூர்வமாக வரும் இரும்பு அணுக்கருதான் ஹீரோ! அதன் மின்னூட்டம் புரோட்டானைப்போல 26 மடங்கு. தூசியில் விட்டுச்செல்லும் ஆற்றலோ 26-ஐ 26-ஆல் பெருக்கிய அளவு; சுமார் 676 மடங்கு. நூற்றுக்கணக்கில் அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும் அந்தக் குட்டித் தூசி, சட்டென மைனஸ் 203 டிகிரிக்கு எகிறும். நமக்கு அது உறைபனி. கார்பன் மோனாக்சைடுக்கோ கொதிக்கும் தோசைக்கல்! தெளித்த தண்ணீர்போல ஆவியாகிப் பறந்துவிடும். போகும்போது சூட்டையும் எடுத்துச்செல்வதால், நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் தூசி மறுபடி குளிர்ந்துவிடும். அதே தூசிக்கு அடுத்த அடி விழ சுமார் 10 லட்சம் ஆண்டுகள் ஆகும். தூசிகள் கோடானுகோடி இருப்பதால், மேகத்தில் எங்கோ ஓரிடத்தில் இது நடந்துகொண்டேதான் இருக்கும்.

ஆனாலும், அடர்த்தி அதிகமுள்ள இடத்தில் பனிதான் ஜெயிக்கிறது. பார்னார்டு 68-ன் நடுப்பகுதியில் கார்பன் மோனாக்சைடு பெருமளவு காணாமல்போயிருப்பதை 2002-ல் கண்டறிந்தார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. மேகத்தின் எடையைக் கணிக்க வானியலாளர்கள் வழக்கமாக நம்புவது இந்த வாயு அனுப்பும் ரேடியோ சிக்னலைத்தான். வாயு உறைந்துவிட்டால் எடை குறைவாகத் தெரியும். மேகம் சுருங்கி நட்சத்திரமாகுமா என்ற கணக்கே தப்பிவிடும். அதனால் பார்னார்டு 68-க்கு வேறு வழி தேடினார்கள். பின்னால் உள்ள நட்சத்திரங்களின் ஒளியைத் தூசி எவ்வளவு மங்க வைக்கிறது என்று அளந்தார்கள். வந்த விடை, சூரியனைப்போல சுமார் 2 மடங்கு எடை.