கொம்பெஸ்ஸாவும் அதன் பிற பெயர்களும்

சீலகாந்த் என்ற பெயர் முதலில் சூட்டப்பட்டது கல்லாகிப்போன ஒரு மீனுக்கு. இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதிப் பாறையில் கிடைத்த மீன் படிமத்துக்கு இயற்கையியலாளர் லூயி அகாசி 1839இல் 'சீலகாந்தஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'கொய்லோஸ்' உள்ளீடற்றது, 'அகந்தா' முள். வால்துடுப்பின் கதிர்கள் குழல்போல் இருந்ததால் வந்த பெயர். இவ்வகை மீன்களின் படிமங்கள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளோடு நின்றுபோயின. ஆகவே டைனோசர்களோடு இவையும் அழிந்துவிட்டதாக நூறாண்டு காலம் பாடம் நடத்தப்பட்டது.

1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் சாலும்னா ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால், ஹென்றிக் கூசன் என்ற கப்பல் தலைவரின் இழுவை மடியில் நீலநிறப் பெருமீன் ஒன்று சிக்கியது. ஒன்றரை மீட்டர் நீளம், 57 கிலோ எடை. ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தின் காப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அதைக் காப்பாற்றப் பட்ட பாடு பெரிது. பிணவறையும் குளிர்கிடங்கும் இடம்தர மறுத்துவிட்டன. கடைசியில் தோலைப் பாடம் செய்வித்தார், உள்ளுறுப்புகள் போயின. அவர் அனுப்பிய கோட்டோவியத்தைக் கண்ட மீனியலாளர் ஜே. எல். பி. ஸ்மித் 1939இல் 'லாட்டிமேரியா சாலும்னே' என்று பெயரிட்டார். பேரினப் பெயரில் அந்தப் பெண்ணும் சிற்றினப் பெயரில் அந்த ஆறும் நிலைபெற்றது பொருத்தமான மரியாதை.

அடுத்த பெயர் அப்படிப்பட்டதன்று. இன்னொரு மீனுக்கு ஸ்மித் 100 பவுண்டு பரிசு அறிவித்துக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெங்கும் துண்டறிக்கை அனுப்பினார். 1952 டிசம்பரில் கொமோரோ தீவுகளின் அஞ்சுவானில் இரண்டாவது மீன் கிடைத்தது. அதை எடுத்துவர ராணுவ விமானம் கொடுத்தவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் டி. எஃப். மலான். மீனின் முதல் முதுகுத்துடுப்பைக் காணாததால் அது வேறு பேரினம் என்று முடிவுகட்டிய ஸ்மித், 'மலானியா அஞ்சுவானே' என்று பெயர் வைத்தார். நிறவெறி ஆட்சியை நிறுவியவரின் பெயர் கறுப்பினத் தீவொன்றின் மீன்மேல் ஏறியது. துடுப்பு இல்லாதது காயத்தால் நேர்ந்த குறை என்பது பின்னர் தெளிந்தது. இரண்டும் ஒரே இனமானால் முந்திய பெயரே நிற்கும் என்பது விலங்குப் பெயரியலின் விதி, மலானியா வழக்கிழந்தது.

அஞ்சுவான் மீனவர்களுக்கு இந்த மீன் புதிதே அல்ல. அவர்கள் அதை 'கொம்பெஸ்ஸா' என்றார்கள். பக்கமிதவை பூட்டிய மரத்தோணியில் இரவில் போய், ஆழத்துக்குக் கைத்தூண்டில் இறக்கி வேறு மீனுக்குக் காத்திருக்கும்போது எப்போதாவது இது ஏறும். எண்ணெய்ப் பசை மிகுந்த சதை, உணவாக மதிப்பில்லை. சொரசொரப்பான அதன் செதிலால் சைக்கிள் டியூபைத் தேய்த்துப் பஞ்சர் ஒட்டுவார்கள் என்று ஸ்மித்தே எழுதியிருக்கிறார். அறிவியல் உலகம் அழிந்ததென்று சொன்ன மீனுக்கு ஒரு தீவின் பேச்சில் பெயரும் பயனும் இருந்தன. 1938ஐ 'கண்டுபிடிப்பு' என்று எழுதுகிறவர்கள் இதை நினைத்துப்பார்க்க வேண்டும்.

ஸ்மித் தன் நூலுக்கு வைத்த 'கிழட்டு நாலுகாலன்' என்னும் செல்லப்பெயரும் பரவியது. சதைப்பற்றுள்ள இணைத்துடுப்புகளால் மீன் கடல்தரையில் நடக்கும் என்று அவர் நம்பினார். 1987இல் உயிரியலாளர் ஹான்ஸ் ஃப்ரிக்கே சிறு நீர்மூழ்கியில் இறங்கிப் படமெடுத்தபோது அது நடக்கவில்லை. துடுப்புகளை மாற்றி மாற்றி அசைத்து நீரோட்டத்தோடு மிதந்தது.

1997இல் இந்தோனேசியாவின் மனாடோ சந்தையில் உயிரியலாளர் மார்க் எர்ட்மன்னும் அவர் மனைவியும் இன்னொன்றைப் பார்த்தார்கள். அங்குள்ள மீனவர்கள் அதை 'ராஜா லாவுட்', கடலரசன், என்றழைத்தார்கள். 1999இல் அதற்கு 'லாட்டிமேரியா மெனாடோயென்சிஸ்' என்று பெயரிட்டது வேறொரு குழு. அதில் எர்ட்மன் இல்லை. பெயரிடும் உரிமை பற்றிய கசப்பு அறிவியலுக்குள்ளும் உண்டு.

தமிழில் இம்மீனை 'வாழும் புதைபடிவம்' என்றெழுதுவது வழக்கம். ஆனால் லாட்டிமேரியாவின் படிமம் எதுவும் இதுவரை கிடைத்ததில்லை. பழைய சீலகாந்த்கள் வடிவிலும் அளவிலும் பலவிதமானவை. காலம் தொடாத உயிர் என்ற எண்ணத்தை அந்தத் தொடர் உண்டாக்குகிறது. குழு முழுவதையும் குறிக்கச் சீலகாந்த் போதும். கொமோரோ மீனைப் பற்றி எழுதும்போது கொம்பெஸ்ஸா என்றும், மனாடோ மீனைப் பற்றி எழுதும்போது ராஜா லாவுட் என்றும் ஒருமுறையாவது சொல்வது தமிழ்க் கட்டுரைகளில் பழக்கமாக வேண்டும்.