போரில் கழிந்த நடுவயதும் மறதிநோயும்: குருதி சொல்வது என்ன?

1990 வன்செயலின்போது முப்பதுகளில் இருந்தவர்கள் இன்று அறுபத்தைந்தைக் கடந்துவிட்டார்கள். அம்பாறைக் கரையோரத்தில் அவர்களின் நடுவயது இடம்பெயர்வு, இழப்பு, மீள்குடியேற்றம், 2004 சுனாமி என்றே கழிந்தது. சொறிக்கல்முனை போன்ற ஊர்களில் அவர்களில் ஒருவர் பெயர்களை மறக்கத் தொடங்கினால், 'அறளை பெயர்ந்திட்டு' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது வயதின் வேலை மட்டும்தானா?

அமெரிக்காவில் நடந்த ஏரிக் என்ற நீண்டகால ஆய்வு ஒரு தடயம் தருகிறது. சராசரியாக 53 வயதில் 1,633 பேரின் குருதியில் வெள்ளணு எண்ணிக்கை, பைப்ரினோஜன் உட்பட ஐந்து அழற்சிக் குறிகாட்டிகளை அளந்தார்கள். 24 ஆண்டுகள் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குறிகாட்டிகள் அழற்சியைக் காட்டியவர்களுக்கு, நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதி, எந்தக் குறிகாட்டியும் அழற்சியைக் காட்டாதவர்களைவிடச் சராசரியாக 5 சதவீதம் சிறிதாக இருந்தது. நினைவுச் சோதனையில் வித்தியாசம் சிறியதுதான்: பத்துச் சொற்களில் ஐந்தரைக்கு ஐந்து. அழற்சிதான் மூளையைச் சுருக்கியது என்று 2017இல் வெளியான இந்த ஆய்வு நிரூபிக்கவும் இல்லை.

போர் இதில் எங்கே வருகிறது? மனவடு உள்ளவர்களின் குருதியில் சி.ஆர்.பி. போன்ற அழற்சிப் பொருட்கள் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 181,093 அமெரிக்க முன்னாள் படைவீரர்களை ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், மனவடு நோய் இருந்தவர்களில் 10.6 சதவீதத்தினருக்கும் இல்லாதவர்களில் 6.6 சதவீதத்தினருக்கும் மறதிநோய் வந்தது. அவர்கள் சிகிச்சை பெற்ற முன்னாள் படையினர். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய எங்கள் பெற்றோருக்கு அந்த வசதி எப்போது கிடைத்தது?

இதை வாசித்துவிட்டு சி.ஆர்.பி. சோதிக்க ஓட வேண்டாம். சாதாரண காய்ச்சலிலும் அது ஏறும்; மறதிநோயை அது கண்டுபிடிக்காது. அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகளை முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையிலும் நோய் தடுக்கப்படவில்லை. பயன் தருபவை பழைய விடயங்களே: பிரசர், சீனி, கொலஸ்ட்ரோல், காது, கண், தனிமை. இப்படி 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ பிற்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் ஆணைக்குழு கணித்தது. ஆனால் கிட்டங்கியில் வெள்ளம் மேவினால், கல்முனைக்கு கிளினிக் போவதே முதியவர்களுக்குப் பெரும்பாடு.

இன்னொன்றும் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. பிள்ளையை எந்தச் சந்தியில், யார் இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி சில வீடுகளில் அந்தத் தாய்தான். விசாரணைகள் நகரும் வேகத்துக்கு அவருடைய நினைவு காத்திருக்காது. குடும்பத்தவர்கள் அவர் சொல்வதைத் திகதியோடு இப்போதே கைபேசியிலாவது பதிந்து வைக்கலாம்.