வீட்டுக் குறிப்பு: ஒன்றொன்றாய்ச் சோதிக்க

ஊருக்கு அனுப்பும் பணம் போக மிச்சம் பிடித்து, உறுப்புகளை வாங்கி நாமே பூட்டிய கணிப்பொறி, வேலையின் நடுவே திடீர் திடீரென நின்றுபோயிற்று. “மதர்போர்டையே மாற்றுங்கள்” என்றார் கடைக்காரர். நாம் அவசரப்படவில்லை. முதலில், பயாஸில் ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை நீக்கினோம், கோளாறு தீரவில்லை. அடுத்து, இரு ராம்களையும் ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் பொருத்தி, பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 சோதனையை இரவெல்லாம் ஓட்டினோம். ஒன்று பழுதின்றித் தேறியது. மற்றது பிழைகளைக் காட்டியது. உத்தரவாதம் இருந்தமையால் செலவின்றி அதனை மாற்றிக்கொண்டோம். அதன்பின் கணிப்பொறி நிற்கவில்லை.

பலவற்றை ஒருங்கே மாற்றுவோர் நோயையும் அறியார், மருந்தையும் அறியார். ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றி, விளைவைக் குறித்துக்கொள்க, பொருள் வீணாகாது.