சுங்கக்காரர் கண்ணில் நடராஜர்

1926-இல் நியூயார்க் சுங்கத்தில் ஒரு பறவை மாட்டிக்கொண்டது. பாரிஸில் வாழ்ந்த ருமேனியச் சிற்பி பிரான்குசி செய்த வெண்கலச் சிற்பம் அது. சிறகு கிடையாது, அலகு கிடையாது. பளபளவென்று மேலே எழும் ஒரு வளைவு, அவ்வளவுதான். அமெரிக்கச் சட்டப்படி கலைப் படைப்புக்கு வரி இல்லை. அதிகாரிகளோ இதைச் சமையல் பாத்திரம், மருத்துவமனைச் சாமான் வகையறாவில் சேர்த்து 40 சதவீதம் போட்டுவிட்டார்கள். வாங்கியவர் புகைப்படக் கலைஞர் ஸ்டைக்கன். காட்டில் இதைப் பார்த்தால் சுடுவீர்களா என்றுகூட அவரை நீதிமன்றத்தில் கேட்டார்கள். 1928-இல் தீர்ப்பு பிரான்குசி பக்கம் வந்தது. சிற்பம் என்றால் இயற்கையில் இருப்பதைப் போல இருந்தே தீரவேண்டும் என்ற பழைய கணக்கு அதோடு ஆட்டம் கண்டது.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள், பல நாடுகளுக்கும் பொதுவான இன்றைய சுங்கப் பட்டியலையும் கொஞ்சம் புரட்டலாம். கலைப் பொருள்களுக்கு 97-ஆம் அத்தியாயம். முழுக்கக் கையால் வரைந்த ஓவியம் அதில் வரும். கையால் சித்திரம் தீட்டிய பூச்சாடி வராது, அது சாடிதான். போகட்டும். சிற்பத்துக்கு ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள்: விற்பனைக்கான மரபுவழிக் கைவேலை என்றால், கலைஞரே செய்திருந்தாலும், அது இந்தக் கணக்கில் சேராது.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் சிலை வார்க்கும் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும். தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து அளவெடுத்து மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள். காவிரி வண்டல் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்தாக வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரே சிலை. உளிவேலை அதற்கப்புறம்.

லண்டன் தமிழர் ஒருவர் 1,000 பவுண்டு மதிப்பில் ஒரு நடராஜரை வரவழைக்கிறார் என்று வையுங்கள். கலைப் படைப்பு என்று ஒப்புக்கொண்டால் இறக்குமதி வாட் 5 சதவீதம், 50 பவுண்டு. உலோகப் பொம்மை, அலங்காரச் சாமான் என்று தள்ளினால் 20 சதவீதம், 200 பவுண்டு. பணத்தைக் கட்டிவிடலாம், காரணம்தான் எரிச்சலூட்டுகிறது. பிரான்குசி மரபை மீறியதற்காக மாட்டினார். நம் ஸ்தபதி மீறாததற்காக மாட்டுகிறார். தாளமானம் என்ற சிற்ப அளவுமுறை தப்பினால் அவர் கணக்கில் அது சிலையே இல்லையே!

வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். பில்லில் வெறுமனே ‘பித்தளைச் சாமான்’ என்று எழுதவிடாதீர்கள். மெழுகு வார்ப்பு, ஒற்றைப் பிரதி, செய்தவர் இன்னார் என்று ஸ்தபதியிடமே கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரி அதை ஏற்காமல் போகலாம். மேல்முறையீடு என்று போகும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டுமே.