நாளொன்றுக்கு நாற்பது ரூபாய்

தேநீருக்கும் சிகரெட்டுக்குமாக நாள்தோறும் 40 ரூபாய் கொடுப்பவர் அதை ஒரு செலவாகவே கருதுவதில்லை. ஆண்டுக்கு அது 14,600 ரூபாய். இருபது ஆண்டுகளில் 2,92,000 ரூபாய். அத்தொகையை ஒரே நாளில் எண்ணி வைக்கச் சொன்னால் நடுங்கிப்போவார். சில்லறையாகப் போவதால் மனம் உறுத்துவதில்லை.

தேநீர் அருந்துவதை யான் குறை கூறவில்லை. (சிகரெட்டைப் பற்றி அவ்வாறு சொல்ல வாய் வரவில்லை.) அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் வீண்விரயத்தைப் போலவே உலோபத்தையும் விலக்குகின்றது. என் கேள்வி வேறு. அம்மனிதரின் திருமணப் பதிவேட்டில் எழுதப்பட்ட மஹர்த் தொகை இன்றளவும் கடனாகவே நிற்கின்றதே, அதற்கு என்ன பதில்? "கையில் பணம் சேரட்டும், கொடுத்துவிடலாம்" என்பார். சேர்ந்திருக்க வேண்டிய பணம் கடைவீதியில் கரைந்துகொண்டிருக்கின்றது.

மஹர் மனைவியின் உரிமை. அன்னிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அதனை வழங்கிவிடுமாறு கட்டளையிடுகின்றது. விட்டுக்கொடுப்பதாயின் அவளே மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும். கொடாமல் கணவன் இறப்பானாகில், வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிடுமுன் அக்கடன் தீர்க்கப்பட வேண்டும். ஆனால் நடப்பது என்ன? சந்தூக்கு வாசலில் காத்திருக்க, உள்ளே அழுதுகொண்டிருக்கும் விதவையிடம், "மஹரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லம்மா" என உறவினர் கேட்கின்றனர். அந்நேரத்தில் எந்தப் பெண் மறுத்துப் பேசுவாள்? அதனை மனமுவந்த மன்னிப்பென்று எவ்வாறு ஏற்பது?

மஹர் 20,000 ரூபாயாயின், நாளொன்றுக்கு 40 ரூபாய் வீதம் 500 நாட்களில் தீர்ந்துவிடும்.